எத்தனாவது ஜூமில் எங்கள் தெரு?

வரைபடத்தை நாம் வாசிப்பதில்லை. அதில் எதையாவது தேடுகிறோம். ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டால், இதைச் சொல்வது யார், யாருக்குச் சொல்கிறார், யாரைச் சொல்லாமல் விடுகிறார் என்றெல்லாம் கேட்க நம் வாசகன் பழகியிருக்கிறான். சிற்றிதழ்கள் முப்பது நாற்பது வருஷமாக மல்லுக்கட்டிச் செய்த வேலை அது. அதே வாசகன் ஒரு வரைபடத்தின் முன்னால் வந்ததும் 'நம்ம வீடு எங்கே இருக்கு?' என்று குனிந்துவிடுகிறான். தேடுகிறவனுக்குச் சந்தேகம் வருவதில்லை. கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் தன் கண்ணைத்தான் குறைசொல்லிக்கொள்கிறான்.

விரலால் பெரிதாக்கியும் நகர்த்தியும் பார்க்கிற இணைய வரைபடம் வந்த பிறகு இந்த வெகுளித்தனம் கூடியிருக்கிறது. அச்சிட்ட படத்தில் இல்லாத ஊர் இல்லாததுதான். பள்ளிக்கூட அட்லஸில் சங்கரன்கோவில் இல்லையென்றால், இந்த அட்லஸ் சரியில்லை என்று மூடி வைத்துவிடலாம். திரையில் அப்படி முடியாது. 'இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினா வரும்' என்ற நம்பிக்கை எப்போதும் மிச்சமிருக்கிறது. கிட்டே போனால் தெரியும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். கட்டுடைத்தல் என்றால் சிலர் பயந்துபோவார்கள். பிரித்துப் பார்த்தல் என்றே வைத்துக்கொள்வோம்.

இதற்குக் காரணமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்கு ஒரு வரைபடம் செய்ய ஆரம்பித்தோம். கோயில், ரத வீதிகள், விசைத்தறிச் சத்தம் விடிய விடியக் கேட்கிற தெருக்கள், தூர்ந்துபோன கிணறுகள், பேர் மட்டும் மிஞ்சிய தோப்புகள். எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பெரிதாக்கி நகர்த்திப் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்பது ஆசை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பாடம் நடத்தத் தெரியும். எழுதத் தெரிந்தவர் என்னிடம் முன்பு படித்த ஓர் இளைஞர். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற, 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் திருத்தலாம் என்கிற உலக வரைபடத்தை அடியில் விரித்து, லீஃப்லெட் என்ற நிரல்தொகுப்பை வைத்து, முதல்நாள் சாயங்காலமே ஊரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கீவ் நகரத்தைச் சேர்ந்த விளாதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்ட தொகுப்பு அது. ஐந்தாறு வரி எழுதினால் போதும்: எந்த இடம் நடுவில், எந்தப் படியில் ஆரம்பம், துண்டுகளை எங்கிருந்து எடுப்பது. இவ்வளவு சுலபமா என்று நான் ஆச்சரியப்பட்டேன். சுலபமான காரியங்களில்தான் முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

வேலை நடக்கிற விதம் இது. பூமியை ஒரு சதுரமாகத் தட்டையாக்கிக்கொள்கிறார்கள். பக்கத்துக்கு 256 புள்ளி. இது பூஜ்யமாவது படி. அடுத்த படியில் அந்தச் சதுரம் நாலாகிறது. அதற்கடுத்த படியில் நாலும் பதினாறாகிறது. இப்படியே போனால் 18ஆம் படியில் 6,871 கோடிக்கும் அதிகமான சதுரங்கள். அந்தப் படியில், பூமியின் நடுக்கோட்டுப் பக்கம், ஒரு புள்ளி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நிலம். சதுரத்துக்கு டைல் என்று பெயர். ஒவ்வொரு டைலுக்கும் மூன்று எண்கள்: படி, நெட்டுவரிசை, குறுக்குவரிசை. பத்தாம் படியில் சங்கரன்கோவில் இருப்பது 732, 485 என்ற டைலில். புளியங்குடியும் வாசுதேவநல்லூரும் சிவகிரியும் அதே சதுரத்துக்குள். கழுகுமலையை ஒட்டி அதன் கிழக்குக் கோடு ஓடுகிறது. கோவில்பட்டி 733ஆம் எண்ணில், அடுத்த சதுரம். திரையில் அந்த நேரத்தில் தேவைப்படுகிற துண்டுகளை மட்டும் வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தபோது ஜனங்களுக்கு மாயம்போலத் தெரிந்தது இந்த ஒட்டுவேலைதான்.

போர்ஹெஸ் 1946இல் எழுதிய ஒரு பக்கக் கதையில் ஒரு சாம்ராஜ்யம் தன் பரப்பளவுக்கே வரைபடம் செய்துவிட்டு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடும். இப்போது அந்தப் படம் ஏறக்குறையச் செய்யப்பட்டுவிட்டது. ஆனால் எவரும் அதை முழுசாகப் பார்ப்பதில்லை. நம் கைக்கு வருவது கேட்ட துண்டு மட்டும்.

ஜூம் என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. கோபுரத்தை நோக்கி நடக்கும்போது அதே கோபுரம்தான் கண்ணில் பெரிசாகிக்கொண்டு வருகிறது. திரையில் நடப்பது வேறு. ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொரு படத்தை வைக்கிறார்கள். ஒன்பதாம் படியின் படமும் பதினாலாம் படியின் படமும் தனித்தனியாக வரையப்பட்டவை. எதில் எந்தக் கோடு, எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று தனித்தனியாக விதி எழுதப்பட்டிருக்கிறது. இப்போது வெக்டர் டைல்கள் வந்து படிகள் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்குகின்றன. விதி மட்டும் போகவில்லை. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஓர் இடத்தைப் பதிகிறபோது அது டவுனா, வில்லேஜா, ஹேம்லெட்டா என்று ஒரு சொல் கொடுக்க வேண்டும். டவுன் என்றால் தூரத்திலேயே பெயர் தெரியும். வில்லேஜ் அதற்குப் பிறகு. ஹேம்லெட் என்று போட்டால் வெகு கிட்டத்தில் வந்த பிறகு. 2011 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரம் பேரைத் தாண்டிய சங்கரன்கோவில் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. சுற்றுப்பட்டியில் இருக்கிற ஊர்கள் வரிசையில் நிற்கின்றன.

வரிசையில் நிற்பது நமக்குப் புதிதா என்ன? மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு. வருவாய்த்துறையின் ஜூம் இது. பிர்க்கா என்று கிழவர்கள் இன்னமும் சொல்கிற குறுவட்டம் அதில் நடுப்படி. கடைசிப் படியில் புலப்படம் இருக்கிறது. அதில் நிலத்தின் மூலைகளும் கோடுகளும் அளவுகளும் உண்டு, ஆள் பெயர் கிடையாது. பெயர் வேறொரு பதிவேட்டில். படத்தையும் பெயரையும் பிரித்து வைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அதிகாரத்தை ஒரு நாற்காலிக்குக் கொடுத்த ஏற்பாடு அது. இன்றைக்குப் பட்டாவும் புலப்படமும் இணையத்தில் கிடைக்கின்றன. நாற்காலியின் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, படிகள் அப்படியே இருக்கின்றன. இதற்கும் முன்னால், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைலுக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் குமரிவரைக்கும் தென்னாடு அளக்கப்பட்டது. லாம்டன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. வெயிலில் சங்கிலி பிடித்தவர்கள், கொடி தூக்கி நின்றவர்கள் பெயரை அந்த வரைபடங்களில் யாரும் போடவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். அடிப்படத்தின்மேல் எங்களுக்கென்று ஓர் அடுக்கு வைத்துக்கொண்டோம். அதற்கு ஒரு பட்டியல். பட்டியலில் மூன்று கட்டங்கள். இடம், பெயர், எந்தப் படியிலிருந்து தெரிய வேண்டும் என்ற எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தன் அம்மாவோடு வந்தார். அந்த அம்மா ரத வீதிகளைப் பார்த்தார், நாகசுனையைப் பார்த்தார், ரயில் பாதையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏய்யா, எல்லாத் தெருவும் வந்திருக்கே, நம்ம தெரு எங்கன?"

"இன்னும் பெரிசாக்கணும்மா."

பெரிசாக்கினார். 16, 17, 18. தெரு இருக்க வேண்டிய இடத்தில் பேரில்லாத ஒரு கோடு, அதைச் சுற்றி வெற்று நிறம். 19க்கு மேல் அடிப்படமே கிடையாது, சாம்பல்தான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மகன் மட்டும் வந்தார். பட்டியலைத் திறந்து, அவர்கள் தெருவுக்கான வரியில் மூன்றாவது கட்டத்தைக் காட்டினார். "சார், எங்க தெரு எத்தனாவது ஜூம்ல வரணும்னு நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க."

அவர் இருப்பது, ஊரில் எல்லாரும் வெறுமனே 'காலனி' என்று சொல்கிற இடத்தில். நான் இருப்பது அப்படிச் சொல்கிறவர்களின் தெருவில். நிரல் எழுதுகிற கை அவருடையது. எந்த எண்ணை வேண்டுமானாலும் அவரே போட்டுக்கொள்ளலாம். போடாமல் என்னைக் கேட்டார். அவர் கேட்டது தொழில்நுட்பக் கேள்வி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வரைபடங்களைப் பற்றிக் கோட்பாட்டுரீதியாக யோசிக்கிறவர்கள் ஜே.பி. ஹார்லியைத் தாண்டிப் போக முடியாது. 1989இல் அவர் வரைபடத்தைக் கட்டுடைப்பது பற்றி எழுதிய கட்டுரை, தெரிதாவையும் ஃபூக்கோவையும் நில அளவையாளர்களின் மேஜைக்கு இழுத்துவந்தது. வரைபடம் ஒரு பிரதி, அதிகாரத்தின் சொல்லாடல், அதன் வெற்றிடங்களெல்லாம் மௌனங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதத்தைப் படித்துவிட்டு நம்மில் பலர் ஒரு சுலபமான முடிவுக்கு வந்துவிடுகிறோம்: மௌனம் என்றால் அநீதி, அதை நிரப்பிவிட்டால் நியாயம். தொழில்நுட்பத்தை நம்புகிறவர்களும் வேறு வழியாக இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: யாரும் திருத்தலாமே, விட்டுப்போனதை நீங்களே சேர்த்துக்கோங்க என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைச்சேன். "பேரைப் போட்டுருவோம், ரத வீதி தெரியுற அதே படியில" என்று சொல்லிவிட்டேன். முற்போக்காக ஒரு காரியம் செய்துவிட்ட திருப்திகூட வந்தது.

அந்தத் திருப்தி சாயங்காலம்வரைக்கும்தான் நின்றது. அந்த அம்மா சொல்லியனுப்பினார்: "வேண்டாம்னு சொல்லுய்யா. பேரு போட்டுட்டா, வேலைக்கு எழுதிப்போட்டா அட்ரஸ அமுக்கிப் பாத்தே ஆளு இன்னாருன்னு தெரிஞ்சிக்கிடுவான். இப்பம் பக்கத்துத் தெரு பேரைத்தான எழுதுதோம், அப்படியே கெடக்கட்டும்."

இந்த வாக்கியத்துக்கு ஹார்லியிடம் பதிலில்லை. அவருடைய மௌனம் மேலேயிருந்து திணிக்கப்படுவது. இது கீழேயிருந்து பிடித்துக்கொள்ளப்படுகிற மௌனம். ஒண்டுவதற்கு ஒரு நிழல். வெற்றிடத்தில் அவமானமும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. தெருவை விட்டுவிட்டால் விலக்குகிறோம், பெயரோடு போட்டால் காட்டிக்கொடுக்கிறோம். இருக்கிறது - இல்லை என்ற எதிர்வை வைத்துக்கொண்டு இதை யோசிக்கவே முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மூன்றாவது கட்டத்தில் எண்ணை எழுதுகிறவர் யார்? எந்தத் தூரத்திலிருந்து தன்னை அடையாளம் காணலாம் என்று தீர்மானிக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது? ரத வீதிக்காரருக்கு அந்த உரிமை பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. அவர் தெருப் பெயர் எந்தப் படியில் தெரிந்தாலும் அவருக்குச் சேதாரமில்லை. சேதாரம் இல்லாதவனுக்குத்தான் வரைபடம் வெறும் வரைபடம்.

பெயர் என்பது இந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியமல்ல. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமானது. 1997இல், தென்மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்தின் பெயரை வைத்தே சாதிக் கலவரம் நடந்த பிறகு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்கள் எடுக்கப்பட்டன, மறுபடியும் திருநெல்வேலி. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தது. சங்கரன்கோவிலில் இருந்த இடத்தைவிட்டு அசையாத ஒரு மனுஷர் இதற்குள் மூன்று தடவை முகவரி மாற்றி எழுதியிருக்கிறார். நகர்த்துதல் என்று திரையில் சொல்கிறோமே, அதை ராஜ்யம் காலாகாலமாகச் செய்கிறது: ஆள் நிற்க, படம் நகரும். 2025 ஏப்ரலில், குடியிருப்புகளைக் குறிக்கிற 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சொல் போன பிறகும் அந்தக் கோடு ஊருக்கு எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று படம் காட்டிக்கொண்டேயிருக்கும். பெயரை அழிக்கலாம், தூரத்தை அழிக்க ஆணையில்லை.

பட்டியலின் இரண்டாவது கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் இடத்துக்கு ஒரு பெயர் என்பது அதன் அனுமானம். மாற்றுப்பெயர், பழைய பெயர் என்று உபரிக் கட்டங்கள் உண்டு. திரையில் தலைகாட்டுவது ஒன்றுதான். இந்த ஊரிலோ மூலக் கதையே ஒற்றைப் பெயரை எதிர்த்து நிற்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டை. கோமதியம்மன் தவமிருந்து கேட்க, பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் சங்கரநாராயணர் ஓருடம்பில் காட்சி கொடுக்கிறார். இப்படி ஒரு சாமி குடியிருக்கிற ஊரில் பெயருக்கு ஒரே கட்டம்! சங்கரநயினார்கோயில், சங்கரன்கோயில், சங்கரன்கோவில் என்று ஊர்ப்பேரையே மூன்று விதமாக எழுதுகிறார்கள்.

அதே தலபுராணத்தில் இன்னொரு பாத்திரம் உண்டு. புன்னைவனத்துக்குக் காவலிருந்தவன், கதை அவனைக் காவற்பறையன் என்கிறது. புற்றை வெட்டும்போது பாம்பின் வால் அறுபட்டதையும் உள்ளே லிங்கம் இருந்ததையும் முதலில் பார்த்தவன் அவன். அவன் ஓடிப்போய்ச் சொல்லித்தான் உக்கிரபாண்டியன் வந்து கோயில் கட்டுகிறான். புராணத்தை நான் சரித்திரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை; பிரதியாகவே வாசிப்போம். இந்த ஊரின் முதல் புள்ளியை வைத்தது யார் என்ற கேள்விக்குப் பிரதி சொல்கிற பதில் ராஜா இல்லை, அந்தக் காவல்காரன். இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனுடைய ஜனங்களின் தெருவுக்கு, அந்த இடத்தின் வரைபடத்தில் எண் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. சங்கிலி பிடித்தவர்கள் கதைதான் மறுபடியும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. டைலில் பொழுது கிடையாது. ஆடித்தபசு அன்றைக்கு ரத வீதியில் கால்வைக்க இடமிருக்காது. வேண்டுதல்காரர்கள் ஆடிச்சுற்று என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மற்ற நாளில் அதே வீதியில் தள்ளுவண்டி நிற்கும். எந்த நாளில் எந்தத் தெரு யாருக்குத் திறந்திருக்கும், யாருக்கு மூடியிருக்கும் என்பதுதான் ஊரின் உண்மையான வரைபடம். அது ஜனங்களின் காலில் இருக்கிறது. திரையில் படத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனால் பசிபிக்கைத் தாண்டி, அமெரிக்காவைத் தாண்டி, மறுபடியும் சங்கரன்கோவில் வந்துவிடுகிறது. வழியில் எந்தத் தெருவும் 'இங்கே வராதே' என்று சொல்வதில்லை. பூமியைச் சுற்றிவருவது அவ்வளவு லேசு. சொந்த ஊரின் எல்லாத் தெருவிலும் லேசாக நடந்துவிட எல்லாருக்கும் முடிகிறதா?

கடைசியில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நான் சொன்ன எண்ணை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். தெருக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று வைத்துக்கொண்டோம்: ரத வீதிக்கு 15 என்றால் எல்லாத் தெருவுக்கும் 15; கோடு எல்லாருக்கும் ஒரே தடிமன். பெயரை அந்தந்தத் தெருக்காரர்களே சொல்லட்டும், சொல்லாமலும் இருக்கட்டும். மாற்றவும் எடுத்துவிடவும் சாவி அவர்களிடம். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடியில் கிடக்கிற உலக வரைபடத்தை நாளைக்கே எங்கேயோ இருக்கிற ஒருவர் திருத்தி, நல்லெண்ணத்தோடு 'காலனி' என்று எழுதிவிட்டுப் போகலாம். எங்கள் விதி எங்கள் அடுக்குக்குத்தான்.

அந்தத் தெருவில் இப்போது பேச்சு நடக்கிறது. பெருசுகளுக்கு ஒரு பெயர் பிடித்திருக்கிறது, தெருமுனைக் கிணற்றை வைத்து. இளவட்டங்களுக்கு வேறொன்று. அந்த அம்மா இன்னும் "வேண்டாம்" கட்சிதான். ஆடித்தபசு முடிந்து உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார்கள். பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கிறது: இடம் குறித்தாயிற்று, எண் 15, நடுவில் பெயர்க் கட்டம் காலி.